அசன நாளில் ஜீப்புக்கு அடியில்

காலை பத்து மணி இருபத்திமூன்று நிமிடத்துக்கு ஜீப் என் மேல் இறங்கியது. நேரம் இவ்வளவு சரியாகத் தெரிவதற்குக் காரணம் இருக்கிறது. பதினொரு மணி வரை போனைத் தொடுவதில்லை என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டிருந்தேன். இன்னும் முப்பத்தேழு நிமிடம் பாக்கி என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கணக்குப் பண்ணிவிட்டு, வயர் பிரஷை எடுத்துக்கொண்டு மல்லாந்தபடி அடியில் நகர்ந்தேன். நாலைந்து முறை தேய்த்திருப்பேன். இடது பக்கம் முறுக்கு நொறுங்குவதுபோல ஒரு சத்தம் கேட்டது.

ஜீப்பின் பின்பாதியில் அப்போது சக்கரமும் கிடையாது, அச்சும் கிடையாது. துரு சுரண்டுவதற்காக எல்லாவற்றையும் கழற்றி முற்றத்தில் பரப்பியிருந்தேன். சேசிஸ் என்கிற நீளமான இரும்புச் சட்டம் பின்னால் இரண்டு மரக்கட்டைகளின் மேல் நின்றது. இடது கட்டை நொறுங்கியதும் சட்டம் அந்தப் பக்கமாகச் சாய்ந்து இறங்கி, குறுக்குக் கம்பி என் இடது தோளையும் நெஞ்சையும் தரையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டது. முழுதாக இறங்கவில்லை. கழற்றிய சக்கரம் ஒன்றைப் படுக்கவைத்து அடியில் தள்ளியிருந்தேன். சட்டம் அதன் மேல் போய் உட்கார்ந்துவிட்டது.

வலது கையும் அதில் கட்டியிருந்த கடிகாரமும் தப்பின. முழங்காலுக்குக் கீழே கால்கள் இரண்டும் பின்பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. மூச்சு பாதி வரைதான் உள்ளே போனது. அந்தப் பாதி மூச்சில் கத்தினால் வருகிற சத்தம், தூங்குகிறவன் முனகுகிற அளவுக்குத்தான் இருந்தது.

முதலில் நினைத்தது போனை. அது துணி துவைக்கிற கல்லின் மேல், பத்தடி தள்ளி, முகம் கவிழ்ந்து கிடந்தது. வேண்டுமென்றேதான் அங்கே வைத்திருந்தேன்.

என் மகள் ஐதராபாத்தில் வேலை பார்க்கிறாள். இருபத்திமூன்று வயது. என் மனைவி குவைத்தில் நர்ஸ். பதினேழு வருடமாக, வருடத்துக்கு ஒரு மாதம் வீட்டுக்கு வருகிறவள். மகளுக்குச் சடை பின்னியதும், காய்ச்சலுக்கு நெற்றியில் ஈரத்துணி போட்டதும், பத்தாம் வகுப்பில் அவள் அழ அழ அல்ஜீப்ரா சொல்லிக்கொடுத்ததும் நான்தான். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் நான். அவள் போன பிறகு, பள்ளி விட்டு வந்தால் எனக்கிருந்த ஒரே வேலை அவளுக்குப் போன் பண்ணுவது. அங்கே மழை என்று செய்தியில் சொன்னால் பண்ணுவேன். இங்கே ஒரு ஆம்புலன்ஸ் போனாலும் பண்ணுவேன். ஒரு நாள் மதியம் நான்கு மணி நேரம் அவள் எடுக்கவில்லை. விடுதிக்காரியைக் கூப்பிட்டேன். கூட வேலை பார்க்கிற பெண்ணைக் கூப்பிட்டேன். கடைசியில் அலுவலக வரவேற்பறைக்கே கூப்பிட்டு, மகளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று சொல்லிவிட்டேன். யாரோ ஒருவர் எழுந்துபோய், கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவளை எல்லோர் முன்னாலும் வெளியே அழைத்து வந்திருக்கிறார்.

அன்று சாயங்காலம் அவளே பேசினாள். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு நானும் கோபப்பட்டிருப்பேன்.

“ஒரு நாளைக்கி ஏழு தடவ விளிக்கிறிய அப்பா. ஒங்களுக்க நம்பரப் பாத்தாலே எனக்குக் கை வெறைக்கி. ஒங்களுக்க பயத்த எனக்குத் தராதிய.”

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு அவளே கூப்பிடுவாள், மற்ற நாளில் நான் கூப்பிடக் கூடாது என்று பேசி முடித்தோம். அதுவரை வேறு ஏதாவது வேலை பாருங்கள் என்றாள்.

ஜீப்தான் அந்த வேறு வேலை.

அது அஞ்சுகிராமத்துக்குப் பக்கத்தில் ஒரு செங்கல் சூளைக்குப் பின்னால், முட்புதருக்குள் நின்றது. நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற பழைய வண்டி. உப்புக்காற்றும் சூளைச் சாம்பலும் சேர்ந்து அதைத் தின்றிருந்தன. கதவைத் தட்டினால் தகடு பொரித்த அப்பளம்போல உதிர்ந்தது. டிரைவர் சீட்டுக்கு முன்னால் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக ஒரு எருக்கஞ்செடி ஸ்டியரிங் வரை வளர்ந்து நின்றது. சின்ன லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தபோது தக்கலையில், அரண்மனை பார்க்கப் பத்மநாபபுரத்துக்குத் திரும்புகிற பஸ்களுக்கு நடுவில் அரைமணி நேரம் மாட்டிக்கொண்டோம். வடக்கேயிருந்து வந்த சில பேர் ஜன்னல் வழியாக என் ஜீப்பைப் படம் பிடித்தார்கள்.

என் வீடு மேற்கே, ரப்பர் விளை என்கிற தோட்டங்களுக்கு நடுவில். வீட்டை மேலவிளை வீடு என்பார்கள். பக்கத்து வீடு என்று கூப்பிடுகிற தூரத்தில் எதுவும் இல்லை. லாரியிலிருந்து ஜீப்பை இறக்கியபோது, என் ரப்பர் மரங்களில் பால் வெட்டுகிறவர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். எருக்கஞ்செடியைத் தொட்டுப்பார்த்தார்.

“சாரே, இத ஓட்டவா, இல்ல பூ பறிக்கவா?” என்றார்.

துரு சுரண்டுவதில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம், இரண்டு கையும் கறுத்துப்போவது. கறுத்த கையால் போனைத் தொட முடியாது. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவி, துண்டில் துடைத்துப் போனை எடுப்பதற்குள், எதற்காகக் கூப்பிட நினைத்தோம் என்ற பதற்றம் பாதியாகக் குறைந்திருக்கும். அதற்காகவே துரு சுரண்டுகிற பட்டித் தகட்டையும் வயர் பிரஷையும் கையிலிருந்து கீழே வைக்காமல் இருந்தேன். கதவுகளை முடித்தேன். முன்பக்கச் சட்டத்தை முடித்து மறுபடி துருப்பிடிக்காமலிருக்க ரெட் ஆக்சைடு பெயிண்ட் அடித்தேன். பள்ளிக்கூடத்தில் சாக்பீஸ் பிடிக்கும்போது விரலிடுக்கில் அந்தச் சிவப்பைப் பார்க்க ஒரு மாதிரி நன்றாக இருக்கும். மூன்று மாதத்தில் அவளை நான்கு முறைதான் கூப்பிட்டேன்.

இன்ஜினைப் பார்க்க மார்த்தாண்டத்திலிருந்து ஒரு மெக்கானிக் இரண்டு தடவை வந்தார். அதிகம் பேசமாட்டார். போகும்போது ஒன்று சொன்னார்: “சாரே, அடியில போவும்போ களத்துன வீல உள்ள தள்ளிப் போட்டுட்டுத்தான் போவணும். எந்தத் தாங்கலயும் நம்பப்பிடாது.” வீல் விஷயத்தை மட்டும் கேட்டேன். அதிலும் பாதிதான். இரண்டு சக்கரங்களில் ஒன்றைப் பஞ்சர் கடைக்குக் கொடுத்திருந்தேன். மீதி இருந்த ஒன்றில் வால்வு சரியில்லை. இரண்டு நாளுக்கு ஒருமுறை காற்றடித்துக்கொண்டிருந்தேன்.

கட்டை விஷயம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அது ரப்பர் தடி. எங்கள் பக்கத்தில் ரப்பர் தடியில் யாரும் ஒரு முக்காலிகூடச் செய்துகொள்ளமாட்டார்கள். வெட்டிப் போட்டால் சில மாதத்தில் வண்டு இறங்கி உள்ளே மாவாக்கிவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. இது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் என் கட்டைகள் இரண்டு வருடமாக ரப்பர் ஷீட் உலர்த்துகிற புகைப்புரைக்குள் கிடந்தவை. கரி பிடித்துக் கறுத்து, கல்போலக் கனத்தன. புகையேறிய தடியை வண்டு தொடாது என்று நானே முடிவு செய்துகொண்டேன். மரியாதையாகப் பலா மரக்கட்டை இரண்டு வாங்கியிருக்கலாம். புகை ஒரு கட்டைக்கு ஏறியிருக்கிறது, இன்னொன்றுக்குத் தோல் வரைக்கும்தான் ஏறியிருக்கிறது.

அடியில் கிடந்தபோது அந்த மாவு என் காதோரம் குவிந்திருந்தது. முகப்பவுடர்போல மெல்லியது. மூச்சு விடும்போதெல்லாம் பறந்தது.

யார் வருவார்கள் என்று யோசித்தேன். சனிக்கிழமையாக இருந்திருந்தால், விடியலில் வருகிற பால்வெட்டுக்காரர் மதியம் வரை மரங்களுக்கு நடுவில் இருப்பார். பதினொரு மணிக்குத் தேங்காய்ப்பட்டணத்திலிருந்து மீன்காரர் பைக்கில் ஹாரன் அடித்துக்கொண்டு வருவார். நான் மீன் வாங்காவிட்டாலும் நின்று, மகளின் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டுவிட்டுத்தான் போவார். ஆனால் அது ஞாயிற்றுக்கிழமை. கடலுக்கும் விடுமுறை, மரத்துக்கும் விடுமுறை. அதைவிட, அன்று எங்கள் கிறிஸ்தவ சபையில் அசனம். வருடத்துக்கு ஒருமுறை எல்லா வீட்டிலும் வரி பிரித்துக் கோயில் வளாகத்தில் பொதுவாகச் சமைத்துச் சாப்பிடுகிற நாள். அன்று எந்த வீட்டிலும் அடுப்பு எரியாது. சபையில் இல்லாதவர்களும் சாப்பிடப் போவார்கள். சுற்றுவட்டாரத்தில் வீட்டில் இருந்தவன் நான் ஒருவன்தான்.

வரி கொடுத்துவிட்டேன். போகவில்லை. போனால் பந்தியில் உட்கார்ந்ததும் கேட்பார்கள்: மகள் அங்கே தனியாகவா இருக்கிறாள், நேரங்காலம் தெரியாத வேலையாமே, ஏன் இன்னும் மாப்பிள்ளை பார்க்கவில்லை. நல்ல மனதோடுதான் கேட்பார்கள். அவர்கள் ஒரு கேள்வி கேட்டால் எனக்குப் பத்து நாள் தூக்கம் போய்விடும்.

பத்தரைக்கு ஒலிபெருக்கி தொடங்கியது. மைக்கில் பேசுகிறவர் சபைக் கணக்கர். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். ஆராதனை அறிவிப்பைக்கூட அடுத்த ஸ்டாப்பிங் சொல்வதுபோலத்தான் சொல்வார். பிறகு பாட்டு. எங்கள் மேட்டை நோக்கி ஒரு குழாய் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். வலது கையில் அகப்பட்ட ஸ்பேனரால் சட்டத்தில் தட்டினேன். பாட்டுக்குத் தாளம் போடுவதுபோல இருந்தது. எனக்கே சரியாகக் கேட்கவில்லை. ஹாரனைப் பற்றி யோசித்தேன். பேட்டரியை முந்தின வாரம்தான் கழற்றி உள்ளே வைத்தேன்.

அப்போதுதான் சக்கரத்தின் சத்தம் காதில் விழுந்தது. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு இடையில், இடது காதுக்குப் பக்கத்தில், பல்லிடுக்கில் காற்று இழுப்பதுபோல ஒரு சத்தம். வால்வு.

கணக்கு வாத்தியார் என்பதால் அளந்தேன். குறுக்குக் கம்பி என் சட்டையின் இரண்டாவது பொத்தானுக்கு நேர் மேலே இருந்தது. மூச்சை வெளியே விட்டால் பொத்தானுக்கும் இரும்புக்கும் நடுவில் சுண்டுவிரல் நுழைந்தது. பதினொன்றரைக்கு நகம் வரைதான் நுழைந்தது. பன்னிரண்டுக்குப் பொத்தான் நெஞ்சில் பதிந்தது. டயர் முழுதாக அமர்ந்தால் சட்டம் இன்னும் இரண்டு அங்குலம் இறங்கும். என்னிடம் இரண்டு அங்குலம் இல்லை.

பட்டித் தகடு இடுப்புக்குப் பக்கத்தில் கிடந்தது. அதை எடுத்து, முதுகுக்குக் கீழே விட்டு மண்ணைச் சுரண்டினேன். எங்கள் முற்றம் சரல்மண். தகடு கிறீச்சிடும். ஒரு கை மண் வெளியே வர ஐந்து நிமிடம் ஆனது. தோளெலும்பு உடைந்திருப்பது அந்த வேலையில்தான் தெரிந்தது. மண்ணைச் சுரண்டுவேன், உடம்பை அந்தப் பள்ளத்துக்குள் அழுத்துவேன், பொத்தானைத் தொட்டுப் பார்ப்பேன். கொஞ்சம் இடம் கிடைத்திருக்கும். கொஞ்ச நேரத்தில் டயர் அதை வாங்கிக்கொள்ளும். மூன்று மாதம் இரும்பைச் சுரண்டிய கை என்பதால் தாங்கியது என்று நினைக்கிறேன்.

சமையல் மணம் வந்தது. ஆட்டிறைச்சிக் குழம்பின் மணம். பசித்தது. நெஞ்சின் மேல் ஒரு ஜீப் இருக்கும்போதும் பசிக்கும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

இரண்டு மணி சுமாருக்குத் துவைக்கல்லில் போன் அடித்தது. கல்லின் மேல் அதிர்ந்து அதிர்ந்து நகர்கிற சத்தம்கூடக் கேட்டது. ஞாயிறு ஏழு மணிக்கு முன்னால் அவள் கூப்பிடமாட்டாள். கூப்பிட்டால் ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம். என் நிலைமை அப்படியே மறந்துபோனது. சாலையில் கிடக்கிற அவள் ஸ்கூட்டர் தெரிந்தது, அவளுக்கு ஸ்கூட்டரே இல்லை என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது. சுரண்டுவதை நிறுத்திவிட்டு அடிக்கிற போனையே கேட்டுக்கொண்டு கிடந்தேன். நின்றது. மறுபடி அடித்தது. நின்றது. (கடன் வேண்டுமா என்று கேட்கிற கம்பெனி அது. இரண்டு நாள் கழித்து எண்ணைப் பார்த்தேன்.)

அதற்குப் பிறகுதான் ஏழு மணியை நினைத்தேன். ஏழு மணிக்கு அவள் கூப்பிடுவாள், நான் எடுக்கமாட்டேன், பதறுவாள், யாரையாவது அனுப்புவாள். டயர் அதுவரை தாங்குமா என்று ஒரு கணக்குப் போடத் தொடங்கினேன். பாதியில் நிறுத்திவிட்டேன். அவள் பதறமாட்டாள். இரண்டு ஞாயிறுக்கு முன்னால் அவள் ஏழு மணிக்குக் கூப்பிட்டபோது, நான் போனைக் கையில் வைத்துக்கொண்டே அடிக்கவிட்டேன். எடுக்காவிட்டால் எப்படி இருக்கும் என்று அவளுக்கும் கொஞ்சம் தெரியட்டும் என்று. மறுநாள் காலையில் வண்டி வேலையில் இருந்தேன், கேட்கவில்லை என்றேன். அவள் நம்பினாள். சரிப்பா, வேல நடக்கட்டு என்று சந்தோஷமாகச் சொன்னாள். ஆகவே இந்த ஞாயிறும் அப்பா வண்டி வேலையில் இருக்கிறார் என்றுதான் நினைப்பாள். இருக்கிறேன்தானே.

இதை அவளிடம் இன்னும் வாயால் சொல்லவில்லை. அன்று ஏழு மணிக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து அவள் போனை எடுத்து, கீழே விழுந்து தோளில் அடி என்று மட்டும் சொன்னேன். இப்போது இடது கை கழுத்துத் தொட்டிலில் தொங்க, வலது கையால் எழுதுகிறேன். அவள் படிப்பாள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

இரண்டரைக்குப் பந்தி முடிந்துவிட்டது. அசனத்தில் வரி கொடுத்த எல்லா வீட்டுக்கும் ஒரு பங்கு சோறும் குழம்பும் உண்டு. வந்து சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும், பாத்திரம் கொண்டுபோய் வாங்கிக்கொள்ள வேண்டும். கணக்கர் மைக்கில் பட்டியலைப் படிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டார். வந்தவர்களைக் கேலி பண்ணினார். ஒரு வீட்டுக்காரர் கொண்டுவந்த அண்டாவைப் பார்த்து, இது அசனம், கல்யாண வீடில்ல, இடம் மாறி வந்திட்டியளா என்று அவர் கேட்க, கூட்டம் சிரித்தது மைக்கில் விழுந்தது. அந்தச் சிரிப்பில் தனித்தனியாகச் சில குரல்களை என்னால் அடையாளம் காண முடிந்தது. என்னிடம் படித்த பிள்ளைகள்.

பிறகு சொன்னார்: “மேலவிளை சார் வீடு. மேலவிளை சார் வீடு. பாத்திரத்தோட வரணும்.”

நான் சுரண்டுவதை நிறுத்தினேன்.

வேறு பத்துப் பன்னிரண்டு வீடுகளைக் கூப்பிட்டார். மறுபடி மேலவிளை சார் வீடு. இந்தத் தடவை நான் பதில் சொன்னேன். இங்கே இருக்கிறேன் என்று சொன்னேன். வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போது பின்பெஞ்சுப் பிள்ளைகள் வாய்க்குள் முனகுவார்கள். அந்த அளவுக்குத்தான் வந்தது. முப்பது வருடமாகப் பெயர் கூப்பிட்டு உள்ளேன் ஐயா கேட்டவன் நான்.

மூன்றாவது தடவை கூப்பிட்டபோது மூன்று மணி தாண்டிவிட்டது. இனி விளிக்க மாட்டேன், சோறு கோழிக்குத்தான் என்றார். மைக் ஒருமுறை இரைந்து அணைந்தது.

காலையிலிருந்து முதல்முறையாக அமைதி. காற்றுக்கு ரப்பர் இலைகள் உரசுகிற சத்தம். இப்போது கத்தினால் கேட்கும். கத்த மூச்சு இல்லை. ஸ்பேனரால் தட்டினேன். மூன்றாவது தட்டில் அது நழுவி, எட்டாத இடத்துக்குப் போய்விட்டது. தகட்டை எடுத்துச் சுரண்டினேன். இரண்டு முறை மண் வந்தது. மூன்றாவது முறை தகடு வளைந்தது. முதுகுக்குக் கீழே பாறை. வேறு இடத்தில் குத்திப் பார்த்தேன். அங்கேயும் பாறை. இந்தப் பாறை நல்ல அஸ்திவாரம் என்று வீடு கட்டும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பொத்தான் உடைந்துவிட்டது. பக்கத்தில் அந்தக் காற்றுச் சத்தமும் இப்போது விட்டுவிட்டுத்தான் வந்தது. மூச்சைச் சின்னச் சின்னதாக எடுக்கப் பழகிக்கொண்டேன். ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். நூறுக்கு மேல் எண்ணாமல் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன்.

எத்தனையாவது நூறு என்று தெரியவில்லை. கீழே சாலையிலிருந்து ஒரு மொபெட் மேடு ஏற முடியாமல் முக்குகிற சத்தம் கேட்டது. பாதியில் நின்றது. மீதித் தூரம் யாரோ மூச்சு வாங்கிக்கொண்டு நடந்து வந்தார்கள். ரப்பர் சருகு மிதிபட்டது. கேட் கொண்டி விழுந்தது. ஆள் வருவதற்கு முன்னால் குழம்பின் மணம் வந்தது.

வேட்டிக் கரையும் தேய்ந்த செருப்பும் இரண்டு கால்களும் என் பாதங்களுக்குப் பக்கத்தில் வந்து நின்றன. பக்கத்தில் ஒரு தூக்குச்சட்டி ஆடியது. நான் வேலையில் இருப்பதாகத்தான் நினைத்திருக்கிறார். தூக்கைத் துவைக்கல்லில், என் போனுக்குப் பக்கத்தில் வைக்கிற சத்தம் கேட்டது. எலும்பில்லாத துண்டாகப் பார்த்து எடுத்து வைத்ததாகவும், சாயங்காலத்துக்குள் சாப்பிடாவிட்டால் குழம்பு கெட்டுவிடும் என்றும், தூக்கு அவருடைய வீட்டுக்காரியுடையது, மறக்காமல் திருப்பித் தர வேண்டும் என்றும் நின்றபடியே சொன்னார். செருப்புகள் திரும்பின.

வலது கையில் வளைந்த தகடு இருந்தது. சட்டத்தில் தட்டினேன். சத்தம் வரவில்லை. கால்விரல்களை அசைத்தேன். இரண்டு பாதங்களையும் ஒன்றோடொன்று இடித்தேன்.

செருப்புகள் நின்றன. பிறகு ஒரு கை மண்ணில் ஊன்றியது, ஒரு முழங்கால் ஊன்றியது, நரைத்த தலை ஒன்று தலைகீழாக ஜீப்புக்கு அடியில் வந்தது. கண்டக்டர். மைக் இல்லாதபோது அவருடைய குரல் இவ்வளவு சின்னது என்று எனக்குத் தெரியாது.

“சாரே, மைக்குல மூணு வாட்டி விளிச்சனே,” என்றார். “கேக்கலியா?”